ஒரு நீதிபதி, இரண்டு சம்பளம்

காரைக்கால் ஊரைச் சுற்றிப் பார்த்தால் நான்கு புறமும் தமிழ்நாடும் கடலும்தான். ஆனால் ஊருக்குள் அரசாங்கம் புதுச்சேரி அரசாங்கம். நீதிமன்றத்தில் உட்காரும் நீதிபதிக்குச் சம்பளம் கொடுப்பது புதுச்சேரி கஜானா. அவர் தீர்ப்பைச் சரிபார்ப்பதும், அவர் மீது புகார் வந்தால் விசாரிப்பதும் சென்னையில் இருக்கும் உயர் நீதிமன்றம். 1962ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி முதல் இதுதான் ஏற்பாடு.

இதில் ஒரு சின்னக் கேள்வி ஒளிந்திருக்கிறது. நிலம் கையகப்படுத்தினார்கள் என்று ஒரு விவசாயி அரசு மீது வழக்குப் போடுகிறார். பென்ஷன் வரவில்லை என்று ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் வழக்குப் போடுகிறார். எதிர்க்கட்சிக்காரர் அரசாங்கம். தீர்ப்புச் சொல்பவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே அரசாங்கம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று பழமொழி சொல்கிற நாட்டில் இது சரியாக வருமா?

பதில், அந்த உப்பை யார் அளந்து போடுகிறார், யார் நிறுத்த முடியும் என்பதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள 240 வருடங்களுக்கு முன் கல்கத்தாவில் நடந்த ஒரு விவகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் தலைமை நீதிபதி, அரசாங்கத்திடம் இரண்டாவது சம்பளம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு அது.

முதலில் நம் பக்கத்துக் கதை

1739ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் பிரெஞ்சு இந்தியாவில் நிர்வாகம் வேறு, நீதி வேறு என்ற பிரிவு கிடையாது. புதுச்சேரியில் கவர்னர் தலைமையில் இருந்த மேல் கவுன்சில்தான் வியாபாரத்தையும் பார்த்தது, வழக்கையும் விசாரித்தது.

இதன் விளைவு என்ன என்பதற்கு நைனியப்ப பிள்ளையின் கதை போதும். இவர் புதுச்சேரியில் கம்பெனியின் தலைமைத் தரகர். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மாமன் முறை. 1716ல் கவர்னர் எபேர் இவரைக் கைது செய்தார். கவர்னர் தலைமையிலேயே விசாரணை நடந்தது. சந்தையில் வைத்துக் கசையடி, சிறை, அபராதம் என்று தண்டனை. 1717ல் நைனியப்பர் சிறையிலேயே இறந்து போனார். பிறகு மேல்முறையீட்டில் தண்டனை தவறு என்று முடிவானது. எபேரின் பதவியும் போனது. ஆனால் இறந்தவர் திரும்பி வரவில்லை.

கைது செய்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது உதாரணம். ஆங்கிலேயர் கல்கத்தாவில் செய்ய நினைத்தது இதற்கு நேர் எதிர். நீதிபதியைக் கம்பெனியிடமிருந்து பிரித்து வைக்கப் பார்த்தார்கள்.

8,000 பவுன் நீதிபதி

1773ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் அடித்த கொள்ளை லண்டன் வரை நாறியிருந்தது. அவர்களை அடக்க, அரசரே நியமிக்கும் ஒரு சுப்ரீம் கோர்ட் கல்கத்தாவில் 1774ல் ஏற்பட்டது. தலைமை நீதிபதி சர் எலைஜா இம்பே. உடன் ராபர்ட் சேம்பர்ஸ், லெமைஸ்டர், ஜான் ஹைட் என்று மூன்று நீதிபதிகள்.

சம்பளம் தலைமை நீதிபதிக்கு வருடத்துக்கு 8,000 பவுன், மற்றவர்களுக்கு 6,000 பவுன். அந்தக் காலத்துக்கு இது மிகப் பெரிய தொகை. காரணத்தோடுதான் அப்படி வைத்தார்கள். கை நிறையக் கொடுத்துவிட்டால் வேறு எங்கும் கை நீட்ட மாட்டார்கள் என்பது கணக்கு. இந்தச் சம்பளத்துக்கு மேல் கட்டணமோ, வரும்படியோ, பரிசோ எதுவும் வாங்கக் கூடாது என்றும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சம்பளமும் கம்பெனியின் வங்காள வருமானத்திலிருந்துதான் வந்தது. அதாவது பணம் உள்ளூர் கஜானாப் பணமே. ஆனால் தொகையைத் தீர்மானித்தது பாராளுமன்றம். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு நீதிபதி மீது எவ்வளவு கோபம் வந்தாலும் அதில் ஒரு பைசா குறைக்க முடியாது. சந்தோஷம் வந்தாலும் ஒரு பைசா கூட்ட முடியாது.

நந்தகுமார் தூக்கு

இம்பேயும் ஹேஸ்டிங்ஸும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இந்தப் பள்ளிக்கூட நட்பு பின்னால் பெரிய பிரச்சனையாகப் போகிறது.

1775 மார்ச்சில் மகாராஜா நந்தகுமார் என்ற வங்காளப் பிரமுகர், ஹேஸ்டிங்ஸ் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் லஞ்சம் வாங்கினார் என்று கவுன்சிலில் புகார் கொடுத்தார். மே மாதம் அவரே ஒரு பழைய கள்ளப் பத்திர வழக்கில் கைதானார். ஜூனில் இம்பே தலைமையில் விசாரணை. ஆகஸ்ட் 5ஆம் தேதி தூக்கு. கள்ளப் பத்திரத்துக்கு மரண தண்டனை என்பது இங்கிலாந்துச் சட்டம். அது கல்கத்தாவில் செல்லுமா என்பதே சந்தேகமாக இருந்த நேரத்தில், மேல்முறையீட்டுக்குக் கூட இடம் கொடுக்காமல் ஆளை முடித்துவிட்டார்கள்.

ஹேஸ்டிங்ஸும் இம்பேயும் பேசி வைத்துச் செய்தார்களா என்பதற்கு நேரடியான ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. இருந்தாலும் சந்தேகம் மட்டும் போகவில்லை. ஐந்து வருடம் கழித்து அந்தச் சந்தேகத்துக்கு இம்பேயே எண்ணெய் ஊற்றினார்.

சண்டையும் சமாதானமும்

இத்தனைக்கும் நடுவில் கோர்ட்டும் கம்பெனியும் கடுமையாக மோதிக்கொண்டன. கம்பெனியின் வரி வசூலில் கோர்ட் தலையிட்டது. 1779ல் காசிஜோரா ராஜா மீது ஒருவர் கடன் வழக்குப் போட்டார். ராஜாவைப் பிடிக்கக் கோர்ட் ஆள் அனுப்பியது. ஹேஸ்டிங்ஸின் கவுன்சில் பட்டாளத்தை அனுப்பிக் கோர்ட் ஆட்களையே பிடித்து வைத்தது! ஒரே ஊரில் இரண்டு அரசாங்கம் நடந்த மாதிரி நிலைமை.

1780 அக்டோபரில் இந்தச் சண்டைக்கு ஹேஸ்டிங்ஸ் ஒரு முடிவு கட்டினார். கம்பெனிக்கென்று தனியாக சதர் திவானி அதாலத் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இருந்தது. அதற்கு நீதிபதி கவர்னர் ஜெனரலும் கவுன்சிலும்தான். அந்தப் பதவியைத் தூக்கி இம்பேயிடம் கொடுத்தார் ஹேஸ்டிங்ஸ். மாதம் 5,000 ரூபாய் சம்பளம். அலுவலக வாடகை தனி. கவுன்சிலில் பிலிப் பிரான்சிஸும் வீலரும் எதிர்த்தார்கள். எதிர்ப்பு எடுபடவில்லை.

ஏற்கனவே 8,000 பவுன் வாங்குகிறவருக்கு இது கிட்டத்தட்ட இன்னொரு முழுச் சம்பளம். முதல் சம்பளத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். முதலாவதைப் பாராளுமன்றம் மட்டுமே மாற்ற முடியும். இரண்டாவதை ஹேஸ்டிங்ஸ் நினைத்தால் நாளைக் காலையே நிறுத்திவிடலாம். யாரைக் கண்காணிக்க அனுப்பினார்களோ, அவரிடமே மாதச் சம்பளக்காரராக ஆகிவிட்டார் தலைமை நீதிபதி. அதோடு கோர்ட்டுக்கும் கவுன்சிலுக்கும் இருந்த சண்டையும் அடங்கிப் போனது.

இம்பே மட்டுமல்ல. 1781ல் ஆங்கிலேயர் டச்சுக்காரரின் சின்சுரா குடியிருப்பைப் பிடித்தார்கள். காரைக்கால் மாதிரியே ஒரு சின்ன ஐரோப்பியத் துண்டு நிலம் அது. (காரைக்காலும் அந்த வருடங்களில் ஆங்கிலேயர் பிடியில்தான் இருந்தது.) அங்கே கம்பெனி கொடுத்த நீதிபதி பதவியை, சம்பளத்தோடு, ராபர்ட் சேம்பர்ஸ் ஏற்றுக்கொண்டார். சக நீதிபதி ஜான் ஹைட் இப்படி எந்தப் பதவியும் வாங்கவில்லை. அவர் தினமும் கோர்ட்டில் நடந்ததைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். யாரும் படிக்கக் கூடாத விஷயங்களைச் சுருக்கெழுத்தில் எழுதினார். அந்தக் குறிப்பேடுகள் இன்றும் கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் இருக்கின்றன. அந்தச் சுருக்கெழுத்தைச் சமீப காலத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் படித்தார்கள். சக நீதிபதிகளின் நேர்மை பற்றிய ஹைட்டின் சந்தேகங்கள் அதில் வெளிப்பட்டன.

கேள்வி கேட்டவர் சிறையில்

ஹைட் ரகசியமாக எழுதியதைப் பகிரங்கமாக அச்சடித்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி. 1780 ஜனவரியில் இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகையான பெங்கால் கெஜட்டைத் தொடங்கியவர். வர்த்தமான் பகுதிக் கரைகளைப் பராமரிக்கும் "புல்பந்தி" காண்ட்ராக்ட் இம்பேயின் உறவினருக்குப் போனது. அதைப் பிடித்துக்கொண்டு இம்பேக்கு "புல்பந்தி பிரபு" என்றே பட்டப்பெயர் வைத்தார் ஹிக்கி. ஹேஸ்டிங்ஸையும் விடவில்லை.

1781 ஜூனில் ஹிக்கி மீது அவதூறு வழக்கு. வழக்குப் போட்டவர்கள் ஒன்று ஹேஸ்டிங்ஸ், இன்னொன்று முன்பு நம் கடலூரில் மதப் பணி செய்த பாதிரியார் கியர்னாண்டர். விசாரித்தது எந்தக் கோர்ட் தெரியுமா? இம்பே தலைமை வகித்த அதே சுப்ரீம் கோர்ட்தான். அரசாங்கத்தின் தலைவர் வாதி. அவரிடம் மாதம் 5,000 ரூபாய்ப் பதவி பெற்றவர் நீதிபதி. அந்த நீதிபதியைக் கிண்டல் செய்தவர் பிரதிவாதி. முடிவு என்னவாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். சிறை, அபராதம். ஹிக்கி சிறையிலிருந்தே பத்திரிகை நடத்தினார். 1782 மார்ச்சில் அச்சு எழுத்துகளையே பறிமுதல் செய்தார்கள். இந்தியாவின் முதல் பத்திரிகை கதை அதோடு முடிந்தது.

பாராளுமன்றத்தில் இம்பே

பிலிப் பிரான்சிஸ் இங்கிலாந்து திரும்பிப் போய் விஷயத்தைப் பெரிதாக்கினார். 1782 மே மாதம் இம்பேயைத் திருப்பி அழைக்க வேண்டும் என்று மக்கள் சபை தீர்மானம் போட்டது. 1783 கடைசியில் அவர் கப்பல் ஏறினார். 1787 டிசம்பரில் கில்பர்ட் எலியட் என்ற உறுப்பினர் இம்பே மீது ஆறு குற்றச்சாட்டுகளைக் கொண்டு வந்தார். முதலாவது நந்தகுமார் வழக்கு. சதர் திவானி அதாலத் பதவியை ஏற்றதும் அந்த ஆறில் ஒன்று.

1788 பிப்ரவரியில் இம்பே சபையின் முன் நின்று தானே வாதாடினார். மே மாதம் நந்தகுமார் குற்றச்சாட்டு மீது ஓட்டெடுப்பு. ஆதரவு 55, எதிர்ப்பு 73. குற்றச்சாட்டு தோற்றது. மற்றவையும் அதோடு கைவிடப்பட்டன. சம்பள விவகாரத்தில் இம்பே குற்றவாளியா இல்லையா என்று எந்த மன்றமும் தீர்ப்புச் சொல்லவே இல்லை. பின்னாளில் அவர் எம்.பி. ஆகி, 1809ல் காலமானார்.

அவர் பக்கம் நியாயமே இல்லையா?

1841ல் ஹேஸ்டிங்ஸ் பற்றி எழுதிய மெக்காலே, இது அப்பட்டமான லஞ்சம் என்றே எழுதினார். பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் வரை அந்தக் கருத்து பரவியது. ஆனால் 1885ல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற நீதிபதி ஆவணங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு இம்பேக்கு ஆதரவாக இரண்டு பாகத்தில் ஒரு புத்தகம் எழுதினார்.

இம்பே தரப்பில் சொல்லப்படுவது இது. அப்போது மாவட்ட அளவில் கம்பெனி நீதிபதிகளாக இருந்தவர்கள் சட்டமே படிக்காத இளைஞர்கள். அவர்களை மேற்பார்வை செய்யச் சட்டம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். இம்பே சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கவில்லை. 1781ல் 95 பிரிவுகள் கொண்ட ஒரு சிவில் நடைமுறைத் தொகுப்பை எழுதினார். அது பாரசீகத்திலும் வங்காளியிலும் மொழிபெயர்க்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கிலாந்திலிருந்து சம்மதம் வரும் வரை அந்தப் பணத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்தார்.

இதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பிரச்சனை தீரவில்லை. அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்பதை ஹிக்கியால் எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? கூண்டில் நின்றவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். தன் எதிரி கொடுத்த பதவியில் இருப்பவர் தன்னை விசாரிக்கிறார். நீதிபதி நேர்மையானவராக இருந்தால் மட்டும் போதாது, தோற்றவனும் அதை நம்ப வேண்டும் என்பது இங்கேதான் புரிகிறது.

மாசசூசெட்ஸ் முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை

இது கல்கத்தாவில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. இம்பே கல்கத்தாவில் இறங்கிய அதே 1774ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பீட்டர் ஆலிவர் என்ற தலைமை நீதிபதி மீது குற்றச்சாட்டு எழுந்தது. குற்றம், உள்ளூர் சபை கொடுக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு அரசர் கொடுக்கும் சம்பளத்தை வாங்கியது! 1776 சுதந்திரப் பிரகடனத்திலேயே, நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் அரசர் தன் கையில் வைத்திருக்கிறார் என்பது ஒரு புகாராக இடம்பெற்றது.

அப்படிப்பட்ட நாட்டிலேயே 200 வருடம் கழித்து அதே சிக்கல் திரும்பி வந்தது. கலிபோர்னியாவில் நீதிபதிகளுக்குச் சம்பளம் கொடுப்பது மாநில அரசு. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், தன் பங்குக்கும் தனியாகச் சலுகைத் தொகை கொடுத்து வந்தது. 2007 வாக்கில் ஒரு நீதிபதிக்கு வருடத்துக்குச் சுமார் 46,000 டாலர். மாநிலச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கவுண்டி மீது தொடுக்கும் வழக்குகளை விசாரிப்பதும் இதே நீதிபதிகள்.

2008 அக்டோபரில் ஸ்டர்ஜன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதிகளின் ஊதியத்தைச் சட்டமன்றம்தான் நிர்ணயிக்க வேண்டும், கவுண்டி தன் இஷ்டத்துக்குக் கொடுப்பது மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. நீதிபதிகள் லஞ்சம் வாங்கினார்கள் என்று அது சொல்லவில்லை. 2009 பிப்ரவரியில் சட்டமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டு அந்தப் பணத்தைத் தொடர அனுமதித்தது. அதுவரை நடந்ததற்கு யார் மீதும் நடவடிக்கை கூடாது என்று பாதுகாப்பும் கொடுத்தது.

கவுண்டியிடம் பணம் வாங்கும் நீதிபதிகள் கவுண்டி வழக்குகளிலிருந்து விலக வேண்டும் என்று விடாமல் வாதாடிய ரிச்சர்ட் ஃபைன் என்ற வக்கீலோ, 2009 மார்ச் முதல் 2010 செப்டம்பர் வரை சுமார் 18 மாதம் சிறையில் இருந்தார். கோர்ட் அவமதிப்பு, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தது என்பவை அதிகாரபூர்வமான காரணங்கள். அவர் எல்லா விஷயத்திலும் சரியாக நடந்தாரா என்பது வேறு விவாதம். ஆனால் ஹிக்கியின் கதையைப் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

இந்தியாவிலும் பணத்துக்குப் பதில் மனை என்ற வடிவத்தில் இது வந்தது. ஆந்திர அரசு 2005லும் 2008லும் போட்ட அரசாணைகளின்படி, ஹைதராபாத்தில் எம்.பி., எம்.எல்.ஏ., ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் ஆகியோரோடு நீதிபதிகளின் வீட்டுவசதிச் சங்கத்துக்கும் குறைந்த விலையில் நிலம் ஒதுக்கப்பட்டது. 2024 நவம்பர் 25ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. ஏற்கனவே வசதியாக இருப்பவர்களுக்கு அரசு நிலத்தைச் சலுகையில் கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. பயன்பெற்றவர்களில் நீதிபதிகளும் உண்டு என்று தெரிந்தே நீதிமன்றம் இதைச் செய்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மறுபடியும் காரைக்கால்

இம்பே செய்ததில் ஒரு வேடிக்கை உண்டு. அரசரின் கோர்ட், கம்பெனியின் கோர்ட் இரண்டையும் ஒரே ஆள் பார்த்தது அன்று குற்றம். ஆனால் 80 வருடம் கழித்து 1861ல் பாராளுமன்றமே சட்டம் போட்டு இரண்டையும் இணைத்தது. 1862ல் சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் ஒன்றாகிச் சென்னை உயர் நீதிமன்றம் பிறந்தது. சரியாக 100 வருடம் கழித்து, 1962ல், காரைக்கால் அதன் கீழ் வந்தது.

அப்படியானால் இம்பே செய்தது சரியா? இல்லை. வேலை சரி, சம்பளம் வந்த வழி தப்பு. இன்று உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளத்தைப் பாராளுமன்றம் சட்டம் போட்டு நிர்ணயிக்கிறது. மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து, சட்டமன்றத்தில் ஓட்டுக்கு விடாமலே போகிறது. பதவி ஏற்ற பிறகு அவருடைய படிகளையும் விடுப்பு, ஓய்வூதிய உரிமைகளையும் அவருக்குப் பாதகமாக மாற்ற முடியாது என்று அரசியல் சட்டத்தின் 221ஆம் பிரிவு சொல்கிறது.

காரைக்காலில் இருப்பது போன்ற கீழ் நீதிமன்ற நீதிபதிகளுக்கு இந்த அளவு பாதுகாப்பு ஆரம்பத்தில் இல்லை. மாநில அரசுகள் கொடுத்ததுதான் சம்பளம். அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 1996ல் ஷெட்டி கமிஷன், 2017ல் வெங்கடராம ரெட்டி கமிஷன் என்று தனி ஊதியக் கமிஷன்கள் வந்தன. இன்று பணம் புதுச்சேரி கஜானாவிலிருந்து வந்தாலும், ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக எந்த மந்திரியும் அந்த நீதிபதியின் சம்பளத்தைக் குறைத்துவிட முடியாது. பிடித்துப் போனாலும் கூட்டிக் கொடுக்க முடியாது.

காரைக்காலுக்குப் பக்கத்தில்தான் திருவாரூர். கன்றை இழந்த பசு மணி அடித்ததும் மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்று கதை சொல்லும் ஊர். எல்லா நீதிபதியும் மனுநீதிச் சோழனாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சாதாரண மனிதர் உட்கார்ந்தாலும் தராசு சாயாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் சட்டம். நைனியப்பருக்கும் நந்தகுமாருக்கும் ஹிக்கிக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. காரைக்கால் கோர்ட்டில் அரசாங்கத்தை எதிர்த்து மனுப் போடும் விவசாயிக்கு இன்று அது இருக்கிறது.